வணிகர் தங்கிய மனை

முன்னுரை

சேலத்திலிருந்து தென்திசை நோக்கி நாமக்கல்லுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் புதுச்சத்திரம் என்றோர் ஊர் உளது. அதனைக் கடந்து மேற்செல்வோர் புதன்சந்தை என்னும் ஊரை அடைவர். அங்கிருந்து கிழக்கே பிரியும் சாலை சேந்தமங்கலத்துக்கும், அதற்கப்பால் கொல்லிமலையின் அடிவாரமாகிய காரவள்ளிக்கும் செல்கின்றது. சத்திரத்தின் பெயரால் ஓர் ஊரும் சந்தையின் பெயரால் ஓர் ஊரும் ஒரே சாலையில் அமைந்திருத்தல் தற்செயலாக நேர்ந்தது ஆகாது. பொருள் விற்கும் இடமும் உடல் சாய்க்கும் இடமும் ஒன்றையொன்று தொடர்ந்தே வளர்ந்தன என்பதற்கு அவ்வூர்ப் பெயர்களே சான்றாக நிற்கின்றன.

ஈண்டுக் குறிக்கப்படும் சேந்தமங்கலம், கோப்பெருஞ்சிங்கனோடு தொடர்புடைய தென்னார்க்காட்டுச் சேந்தமங்கலம் அன்று. சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைச் சிறைவைத்த வரலாற்றால் புகழ்பெற்ற அவ்வூர் வேறு. நாம் கூறுவது கொல்லிமலைச் சாரலில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் அமைந்த ஊர். நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவன் சேந்தமங்கலத்துப் பாளையக்காரனாகிய இராமச்சந்திர நாயக்கன் என்று ஒரு மரபு கூறும். மலைவாழையும் பலாவும் மிளகும் தேனும் இறங்கிவரும் வழியில் இவ்வூர் உள்ளமையால், மலைக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட வாயிலாக இது விளங்குகின்றது.

இவ்வாயிலில் நின்று ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். புதன்சந்தைக்குச் சென்ற வணிகன் அன்று மாலையே மனை திரும்புவான். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக்கோ சென்னையின் கடைத்தெருக்களுக்கோ சென்றவன் இரவு எங்குத் தங்கினான்? அவ்விடத்தை எதனைக் கருதித் தேர்ந்தான்? கடைத்தெருவுக்கு அண்மை, பொருட்காவல், தூய உணவு, தாங்கத்தக்க வாடகை என்பன இன்று நாம் விரைந்து கூறும் விடைகள். அவ்விடைகள் யாவும் தேர்ந்தெடுக்கும் உரிமை முன்னரே இருப்பதாகக் கொண்டு எழுவன. அவ்வுரிமை எப்பொழுது, எவ்வாறு வந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது.

சொற்கள் உணர்த்துவன

தமிழில் தங்குமிடத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அவை ஒரு பொருட் பன்மொழி போலத் தோன்றினும், ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையான உறவைக் குறிக்கின்றது. அம்பலமும் பொதியிலும் ஊர்ப்பொதுவிடங்கள். சாவடி என்பது வழிச்செல்வோர் இளைப்பாறுதற்கும் ஊரார் கூடுதற்கும் உரியது. சத்திரம் என்பது வடமொழிச் சத்திர என்பதன் வழி வந்தது. வேள்வியைக் குறித்துப் பின்னர் அன்னக்கொடையைக் குறித்த அச்சொல், தமிழில் அறத்தின்பாற்பட்ட தங்குமிடத்துக்குப் பெயராயிற்று. இவை மூன்றிலும் தங்குவோன் வாடகை தருவதில்லை.

பேட்டை, தாவளம், கிட்டங்கி என்பன வேறு வகையைச் சார்ந்தவை. வெளியூர் வணிகர் வந்திறங்கிப் பொருளை விற்கும் இடம் பேட்டை. தாவளம் என்னும் சொல் வணிகக் குழுவினரின் கல்வெட்டுக்களில் வணிகர் கூடும் இடத்தைக் குறித்து வருகின்றது. அகராதி அதற்குத் தங்குமிடம் என்னும் பொருளும் தருகின்றது. சரக்குக் கிடங்கும் கணக்கு மனையும் படுக்கையும் ஓரிடத்தே அமைந்தது கிட்டங்கி. இவை மூன்றிலும் வாணிகமும் தங்கலும் பிரிக்கப்படாமல் நின்றன.

விடுதி, லாட்ஜ், ஹோட்டல் என்பன மூன்றாம் வகை. இங்குக் காசு ஒன்றே தங்குவோனுக்கும் மனையுடையானுக்கும் இடையே நிற்கும் உறவு. முதல் வகையை அறத்தின் மனை என்றும், இரண்டாவதைச் சார்பின் மனை என்றும், மூன்றாவதைக் காசின் மனை என்றும் நாம் பெயரிட்டுக் கொள்வோம். அறத்திலிருந்து சார்புக்கும், சார்பிலிருந்து காசுக்கும் தமிழகம் படிப்படியாக முன்னேறிற்று என்று எளிதாக முடிவு கட்டிவிடலாம். சான்றுகளை அணுகி நோக்கின் அம்முடிவு நிலைபெறாது என்பது புலனாகும்.

கோவலன் தேடிய இடம்

பெருநகரின் வாணிகப் பகுதியை நாடிவந்த வணிகன் ஒருவனது தங்குமிடம் பற்றித் தமிழில் கிடைக்கும் விரிந்த செய்தி சிலப்பதிகாரத்தில் உள்ளது. மதுரையின் மதிற்புறத்தே புறஞ்சேரியில் கவுந்தியடிகளுடனும் கண்ணகியுடனும் தங்கிய கோவலன், தன் நிலையை நகரத்து வணிகர்க்கு உணர்த்தி வருவதாகக் கூறி நகருக்குள் செல்கின்றான். அங்கே பொற்கடை வீதியையும் மணிக்கடை வீதியையும் அறுவை வீதியையும் கூலக்கடை வீதியையும் கண்டு மீள்கின்றான். அவன் எவ்வணிகனையும் கண்டு பேசியதாக நூல் கூறவில்லை.

அடைக்கலக் காதையில் மாடலனும் கவுந்தியடிகளும் அவனுக்குக் கூறும் அறிவுரை நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. புறஞ்சேரி துறவோர்க்கு உரிய இடம். இல்லறத்து வணிகனுக்கு அது பொருந்தாது. நகரத்து வணிகர் அவனது புகழைக் கேட்டு ஏற்றுக்கொள்வர். ஆதலின் ஞாயிறு மறையுமுன் நகர் புகுக என்பது அவ்வறிவுரையின் கருத்து. இதனால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. வெளியூர் வணிகனை உள்ளூர் வணிகர் தம் மனையில் ஏற்கும் வழக்கம் இருந்தது. ஏற்பதற்கு அடிப்படை அவனைப் பற்றிய நற்சொல்லே. இரவு சூழுமுன் மதிலுக்குள் இடம்பெறுதல் காவலுக்கு வேண்டுவதாயிருந்தது.

ஆயினும் கோவலன் வணிகர் மனையை அடையவில்லை. கவுந்தியடிகள் இடைக்குல மகளாகிய மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்புவிக்க, இருவரும் ஆயர்பாடிக்குச் செல்கின்றனர். மாதரி அவர்களுக்கு வேலி சூழ்ந்த தனி மனையொன்றைத் தருகின்றாள். சாவக நோன்பினர் பகலிலேயே உண்ணுதல் வேண்டும் என்பதறிந்து புதுக்கலங்களும் அரிசியும் காய்கனிகளும் கொடுக்கச் செய்கின்றாள். விருந்தினர் தம் நோன்பு தவறாமல் தாமே சமைத்துண்ண ஏற்பாடு செய்த அம்மனை, வசதியால் குறைவுடையது அன்று. தனிமை, தூய்மை, உணவொழுக்கம் என இன்றைய பயணி விரும்பும் யாவும் அங்கு இருந்தன.

இல்லாதது ஒன்றே. கடைத்தெருவில் கோவலனை அறிந்து சான்று கூறுவோர் அங்கு இல்லை. மறுநாள் சிலம்பை எடுத்துக்கொண்டு தனியே நகர் புகுந்தவன், தான் எதிர்ப்பட்ட பொற்கொல்லனையே நம்ப வேண்டியவனானான். கள்வன் என்ற பழி எழுந்தபொழுது, இவன் மாசாத்துவான் மகன் என்று கூற மதுரைக் கடைவீதியில் ஒரு நாவும் அசையவில்லை. வணிகர் மனையில் தங்கியிருந்தால் ஊழ் விலகியிருக்கும் என்பது நம் கருத்தன்று. காப்பியத்தின் கோட்பாடு வேறு. பண்டை நகரத்தில் தங்குமிடம் உறங்குதற்கு மட்டும் உரியதன்று, அந்நியனுக்குப் பிணையாகவும் நின்றது என்பதனை அவ்வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது என்பதே நாம் கூறவிழைவது.

சார்பின் மனை

வணிகன் வணிகனிடத்தே தங்குதல் தமிழகத்துக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. நகர ஆட்சி பற்றிக் கூறும் பகுதியில் கௌடலியரின் அருத்தசாத்திரமும் இதனையே விதிக்கின்றது. கைவினைஞர் தம் தொழிலிடங்களில் தம்மவரைத் தங்கவைக்கலாம். வணிகரும் தம் தொழிலிடங்களில் ஒருவரையொருவர் தங்கவைக்கலாம். அறச்சாலையினர் புறச்சமயத்தாரையும் வழிப்போக்கரையும் அதிகாரிக்கு அறிவித்தே தங்கவைத்தல் வேண்டும் என்பது அந்நூலின் ஏற்பாடு. வந்து தங்குவோன் யார் என்பதற்கு ஏற்போனே பொறுப்பு என்னும் கொள்கை இதனுள் அடங்கியுள்ளது.

இடைக்காலத்து வணிகக் குழுக்கள் இக்கொள்கையைக் கடல் கடந்தும் கொண்டுசென்றன. தென் தாய்லாந்தின் தகுவாபா பகுதியில் கிடைத்த, ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் மணிக்கிராமத்தார் முதலியோர்க்கு அடைக்கலமாக விடப்பட்டதைக் கூறுகின்றது. காப்பியத்தில் ஒரு காதைக்குப் பெயரான அடைக்கலம் என்னும் சொல், அயல்நாட்டு வணிகர் குடியிருப்பில் சட்ட வலிமையுடைய சொல்லாய் நிற்றல் நோக்கத்தக்கது. சுமத்திராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் அங்குக் கூடி மரக்கலத் தலைவர் முதலியோர் செலுத்தவேண்டிய கட்டணத்தை வகுத்ததைத் தெரிவிக்கின்றது. பர்மாவின் பகானில் நானாதேசி விண்ணகரம் இருந்ததனையும், மலைமண்டலத்து வணிகன் ஒருவன் அதற்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்ததனையும் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உணர்த்துகின்றது. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு சிவன் கோயில் ஒன்றைக் குறிக்கின்றது. அயல்மண்ணில் கரையேறிய தமிழ் வணிகன் இத்தகைய இடங்களில் முதலில் தேடியது தன்னை அறிந்தோரையே எனத் துணியலாம்.

இவ்வமைப்பின் பிற்கால வடிவம் நகரத்தாரின் கிட்டங்கி. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் அமைந்த கிட்டங்கிகளில் ஒவ்வொரு தொழில் நிறுவனத்தாரும் பெட்டியடியை முன்வைத்துத் தரையில் அமர்ந்து கணக்கெழுதினர். அங்கேயே உண்டு அங்கேயே உறங்கினர். யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எவன் சொல் தவறினான், எச்சரக்கின் விலை ஏறும் என்னும் செய்திகள் உணவின்போதே பரிமாறப்பட்டன. இத்தகைய மனையில் தங்குதல் ஒரு முதலீட்டுக்கு நிகரானது. அதன் குறையும் அதன் நிறைவிலேயே உள்ளது. சார்புடையார்க்கு அது திறந்த வாயில். சார்பிலார்க்கு அது சுவர்.

அறத்தின் மனை

சுவருக்கு வெளியே நின்றோர்க்கு அறத்தின் மனை இருந்தது. புகாரின் உலக அறவி என்னும் பொது அம்பலம் ஆதரவற்றோர் ஒதுங்கிய இடம் என்பதும், அங்கே மணிமேகலை அமுதசுரபியால் பசி தீர்த்தாள் என்பதும் மணிமேகலைக் காப்பியம் கூறுவன. மதுரையில் சிந்தாதேவியின் கோயிலைச் சார்ந்த அம்பலத்தில் ஆபுத்திரன் தங்கியதும் அந்நூலில் வருவது. பிறப்பால் இழிக்கப்பட்டு ஊரால் துரத்தப்பட்டவனுக்கு அவ்வம்பலம் இடமளித்தது.

நாயக்கர், மராட்டியர் காலங்களில் சத்திரங்கள் பெருகின. மதுரையில் இராணி மங்கம்மாளின் பெயரால் விளங்கும் சத்திரமும், ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி 1802இல் நிறுவிய முத்தாம்பாள் சத்திரமும் யாவரும் அறிந்தவை. இராமேசுவரம் செல்லும் வழியில் அமைந்த தம் முன்னோர் சத்திரங்களைக் காக்க வேண்டி 1801இல் சரபோசி ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் அரிய சான்று. பிராமணர் முதல் பறையர் ஈறாக எல்லா வழிப்போக்கர்க்கும் உணவளிக்கப்பட்டதையும், சமைத்த உணவை உண்ணாதார்க்கு அரிசியும் பிற பொருள்களும் வழங்கப்பட்டதையும், நள்ளிரவில் மணியடித்து உண்ணாதாரை அழைத்ததையும் அக்கடிதம் விளக்குகின்றது.

சத்திரங்கள் யாவும் ஒரு சாரார்க்கே உரியவை என்று கூறுவார்க்கு இக்கடிதம் மறுப்பாகும். பல இடங்களில் உணவு ஒரு வகுப்பார்க்கே ஒதுக்கப்பட்டிருந்ததும் உண்மையே. எனினும் அறக்கட்டளையின் தன்மையை ஒரே நிறத்தால் தீட்டுதல் ஆராய்ச்சியாகாது. நாம் இங்குக் கருத வேண்டுவது மற்றொன்று. அறத்தின் மனையில் இடம் கிடைக்கலாம், உணவும் கிடைக்கலாம். ஆனால் யாருடன் எந்தப் பந்தியில், எத்தனை நாள் என்பவற்றை முடிவு செய்வோர் கொடுப்போரே ஆவர். ஏற்போன் வேறு, தேர்வோன் வேறு. நாளை விற்கவேண்டிய சரக்குடனும் வசூலிக்கவேண்டிய கடனுடனும் வருகின்ற வணிகனுக்கு, புண்ணிய யாத்திரை செய்வோர்க்கென அமைந்த சத்திரம் முழுதும் பொருந்தியதன்று.

தாமே கட்டிய வாயில்

சார்பின் மனையிலும் இடமின்றி, அறத்தின் மனையிலும் மதிப்பின்றி நின்ற வணிகர் என் செய்தனர்? இதற்குச் சிறந்த விடை 19ஆம் நூற்றாண்டின் இராமநாதபுரப் பகுதியில் கிடைக்கின்றது. சிவகாசி, அன்று விருதுப்பட்டி எனப்பட்ட விருதுநகர், சாத்தூர், திருமங்கலம், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களில் குடியேறி வாணிகம் செய்த நாடார் வகுப்பினர், மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். வண்டியும் மாடும் சரக்கும் ஆளும் இரவில் அங்கே பாதுகாப்பாகத் தங்கின. வாணிகத்தின் மீது மகமை என்னும் சிறு தொகையைத் தமக்குத் தாமே விதித்துத் திரட்டி, உறவின்முறை அமைப்பின் வழி அப்பேட்டைகளைப் பேணினர். அம்மகமையே பின்னர்க் கல்விக்கூடங்களுக்கும் வித்தாயிற்று.

இவ்வரலாற்றைச் சிக்கனத்தின் வெற்றி என்று மட்டும் எழுதுவோர் உளர். அது பாதி உண்மையே. சாலையில் கள்வர் அச்சமும், ஊர்களில் சாதியால் வந்த தடையும் இருந்தமையால், இடம் தேடிய வணிகர் இடத்தை ஆக்கவேண்டியவராயினர். மற்றவர் மனையின் வாயிலில் காத்து நிற்பதினும் தமக்கென ஒரு வாயில் அமைத்தல் மேல் என்று அவர்கள் துணிந்தனர். அத்துணிவு போற்றற்குரியது. ஆயினும் பணம் உடையவன் தனக்கென மதில் கட்டிக்கொண்டாலன்றி உறங்க இயலாத நிலை, அச்சமுதாயத்தின் குறையைச் சுட்டுகின்றது என்பதனையும் நாம் மறத்தலாகாது.

சென்னையும் இருப்புப்பாதையும்

1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் சேலமும் பாரமகாலும் கும்பினியார் ஆட்சிக்கு உட்பட்டன. அதுமுதல் சேலம் பகுதியின் ஆட்சித் தலைமையும் வாணிகத்தின் பெரும்பங்கும் சென்னையை நோக்கின. 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1861இல் சேலத்தை எட்டியது. பல நாள் மாட்டு வண்டியில் சென்ற பயணம் ஒரு பகலிலோ ஓர் இரவிலோ அடங்கிற்று. சேந்தமங்கலத்து வணிகன் சேலம் சென்று வண்டியேறினால் மறுநாள் சென்னைக் கடைத்தெருவில் நிற்றல் இயல்வதாயிற்று. சென்னை மத்திய நிலையம் 1873இல் அமைந்தது. அதன் அருகில் சவளை இராமசாமி முதலியார் கட்டிய சத்திரம், இருப்புப்பாதைக் காலத்திலும் அறத்தின் மனை தன்னைப் புதுப்பித்துக் கொண்டமைக்குச் சான்றாகும்.

ஜார்ஜ் டவுன் என இன்று வழங்கும் பகுதியே அந்நகரின் பழைய வாணிக நடுவிடம். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, பவழக்காரத் தெரு, தங்கசாலைத் தெரு, மண்ணடி, சவுகார்பேட்டை எனத் தெருக்கள் வணிகர் பெயரையோ சரக்கின் பெயரையோ தாங்கி நிற்கின்றன. காய்கனிச் சந்தை இருந்த இடம் கொத்தவால் சாவடி. சாவடி என்னும் பழஞ்சொல் இங்கே சந்தையின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு தெருவும் தன் தன் சார்பாரைக் கொண்டிருந்தது. குசராத்தியர், மார்வாரியர், தெலுங்கு வணிகர், மரக்காயர் முதலியோர் தத்தம் இனத்தார் அருகிலேயே இறங்கினர். சார்பின் மனை பெருநகரிலும் அழியவில்லை, தெருவாக விரிந்தது.

20ஆம் நூற்றாண்டில் காசின் மனை பெருகிற்று. அதன் பெயரிலேயே ஒரு நுட்பம் உளது. ஆங்கிலத்தில் தங்குமிடத்தைக் குறித்த ஹோட்டல் என்னும் சொல், தமிழர் நாவில் உண்ணுமிடத்தைக் குறிப்பதாயிற்று. தங்குமிடத்துக்கு லாட்ஜ் என்னும் வேறு சொல் வந்தது. இரண்டும் உடைய இடம் போர்டிங் அண்டு லாட்ஜிங் என்று பலகையில் எழுதிக்கொண்டது. வெளியூர் சென்றவனின் முதற்கவலை படுக்கையைப் பற்றியதன்று, சமைப்பவன் யார் என்பதைப் பற்றியதே என்பதற்கு இச்சொல் மாற்றமே அறிகுறி எனக் கருத இடமுண்டு. பிராமணாள் கபே என்றும் சைவாள் ஹோட்டல் என்றும் மிலிட்டரி ஹோட்டல் என்றும் பலகைகள் தொங்கின. உடுப்பியிலிருந்து வந்தோர் நடத்திய உணவு மனைகள் நகரெங்கும் பரவின. அவர்களுள் ஒருவரான கிருஷ்ணராவ் 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலை அமைத்தார். வணிகரும் குடும்பத்தினரும் அச்சமின்றித் தங்கக்கூடிய இடம் என்னும் நற்பெயரை இத்தகைய மனைகள் ஈட்டின.

காசு திறவாத கதவு

காசு வந்ததும் சார்பு ஒழிந்தது என்று இங்கே முடித்துவிடின் நம் வரலாறு பிழைபடும். 1917ஆம் ஆண்டளவில் அம்பேத்கர் பரோடா அரசின் பணியை ஏற்கச் சென்றபொழுது நேர்ந்ததை அவரே எழுதியுள்ளார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கற்றுத் திரும்பியவர் அவர். நாள் வாடகை தரப் பணம் இருந்தது. அரசின் பணி ஆணையும் இருந்தது. இந்து விடுதிகள் தம்மை ஏற்கா என்பதறிந்து, ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரொன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய பார்சியர் கூட்டம் ஒன்று வந்து அவரை வெளியேறச் செய்தது. அந்நகரில் தங்குவதற்கு வேறிடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

கோவலனுக்கும் அம்பேத்கருக்கும் இடையே உள்ள வேற்றுமையை நோக்குதல் தகும். முன்னவனுக்கு நகரில் இடம் உண்டு. அவனுக்கு உரியதென்று பெரியோர் கூறிய இடத்தை அவன் அடையவில்லை. பின்னவர்க்கு இடமே இல்லை. தம் பெயரை மறைத்தாலன்றி அவருக்குக் கதவு திறவாது. காசின் மனை என்று நாம் பெயரிட்ட இடத்தின் உள்ளே சார்பின் மனை மறைந்திருந்தது என்பதனை இந்நிகழ்ச்சி ஐயமின்றிக் காட்டுகின்றது.

இதனைத் தகர்த்தது வாணிகம் அன்று. சட்டமும் அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த கிளர்ச்சியும் ஆகும். சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெருக்களிலும் கிணறு, குளங்களிலும் மக்கள் கூடும் பொதுவிடங்களிலும் தாழ்த்தப்பட்டோர்க்கு உள்ள உரிமையை வற்புறுத்திற்று. 1938இல் எம். சி. ராஜா முயன்று கொணர்ந்த குடியுரிமைத் தடை நீக்கச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் விதி, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவற்றால் எவரையும் கடைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் தடுத்தலாகாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அத்தடையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தருமசாலை, சராய், முசாபர்கானா என்பவற்றையும் பெயர் கூறி உள்ளடக்கியது. அச்சட்டம் 1976இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயர் பெற்றது. சட்டம் வந்த பின்னும் பலகைகள் உடனே இறங்கவில்லை. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பலகையிலிருந்த பிராமணாள் என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் பல மாதம் மறியல் நடத்தவேண்டியிருந்தது.

கொல்லிமலை மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டதாகும். மலையில் விளைந்த மிளகையும் காப்பியையும் தானே கொண்டு சென்று பெருநகரில் விற்க விழையும் உழவன், அங்கே ஓர் அறையைக் கேட்டுப் பெறக்கூடுமாயின், அதற்கு முதற்காரணம் அவன் கையிலுள்ள பணம் அன்று. மேலே கூறிய விதிகளே காரணம். வாடகைச் சீட்டில் எழுதப்படாத அவ்விதிகளே அறையின் உண்மையான திறவுகோல்.

இன்றைய தேர்வு

இன்று சேந்தமங்கலத்திலிருந்து சென்னை செல்லும் வணிகன் முன் நிற்கும் நிலை வேறு. கொத்தவால் சாவடியின் காய்கனிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாறிற்று. தென்மாவட்டப் பேருந்துகளுக்கென 2023ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கத்தில் நிலையம் திறக்கப்பட்டது. இறங்குமிடமும் சந்தையும் பழைய கடைத்தெருக்களும் வெவ்வேறு திசைகளில் பிரிந்துவிட்டன. சேலம் கரூர் இருப்புப்பாதை 2013இல் திறக்கப்பட்டமையால் நாமக்கல்லிலிருந்தே வண்டியேறுதலும் இயலும். காகிதம் வாங்குவோன் ஆண்டர்சன் தெருவுக்கு நடந்து செல்லும் தொலைவில் தங்க விரும்புவான். காய்கனி விற்போன் கோயம்பேட்டில் விடியற்காலைச் சந்தைக்கு அருகில் தங்க விரும்புவான். சரக்குக்கு அருகே தங்குக என்னும் பேட்டைக் காலத்து விதி இன்னும் பொய்க்கவில்லை.

மற்றொரு விதியும் புதுவடிவில் மீண்டுள்ளது. முன்பு ஏற்போர் தங்குவோனைப் பற்றிய நற்சொல்லைக் கேட்டனர். இன்று தங்குவோன் விடுதியைப் பற்றிய நற்சொல்லைக் கேட்கின்றான். முகமறியாதோர் கைபேசியில் எழுதிவைத்த கருத்துக்களைப் படித்தே அறை தேர்கின்றான். சொல்லின் மதிப்பு குறையவில்லை. அதன் திசையே மாறியுள்ளது. தன்னை யாரென்று நிறுவுதற்கு ஓர் அடையாள அட்டையை நீட்டினால் போதும். மாடமதுரையில் கோவலனுக்குக் கிட்டாத பிணை அதுவே. ஆயினும் அவ்வட்டையில் உள்ள பெயரைப் படித்த பின்னர் அறை இல்லை என்று கூறும் வாய் எங்கேனும் எழுமாயின், நாம் கண்ட பழைய சுவர் அங்கே மீண்டும் எழுகின்றது என்று கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வணிகர் தங்குமிட வரலாறு அறம், சார்பு, காசு என ஒன்றன்பின் ஒன்றாக வரும் மூன்று படிகளாக அமையவில்லை என்பது பெறப்படும். மூன்றும் எக்காலத்தும் உடன் நின்றன. காசின் மனையைச் சார்பிலிருந்து பிரித்துத் தேர்வுக்கு உரியதாக்கியது 20ஆம் நூற்றாண்டின் சட்டமும் மக்கள் முயற்சியுமே.

இத்துறையில் ஆராய்ச்சி மாணவர் செய்யவேண்டுவன பல. சத்திரம், சாவடி, பேட்டை, சந்தை என முடியும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்துப் பழைய சாலைகளோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். வணிகக் குடும்பங்களில் எஞ்சியுள்ள ஏடுகளிலும் பேரேடுகளிலும் வழிச்செலவுக் குறிப்புக்களைத் தேடுதல் வேண்டும். சத்திரங்களின் கல்வெட்டுக்களில் இன்னார்க்கு எனக் கூறப்பட்டிருப்பதோடு இன்னார்க்கு அன்று எனக் கூறாமல் விடப்பட்டதனையும் படித்தறிதல் வேண்டும். புதுச்சத்திரம் என்னும் பெயர் அங்கே ஒரு சத்திரம் இருந்ததைக் கூறுகின்றது. அதன் திண்ணையில் இடம்பெற்றோர் யாவர், வெளியே மரத்தடியில் இரவைக் கழித்தோர் யாவர் என்பதனை அப்பெயர் கூறவில்லை. அதனைக் கூறுதலே வரலாற்று மாணவரின் கடமை.